1,600 மணி நேரம் எங்கிருந்து வரும்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகளுக்கு 27 வயது. பினாங்குத் தீவில் அரசு மருத்துவமனை ஒன்றில் தாதி. டிப்ளோமாவோடு பணியில் சேர்ந்தவர், வேலை பார்த்துக்கொண்டே இளங்கலைப் பட்டமும் வாங்கிவிட்டார். இப்போது முதுகலைக்கு விண்ணப்பிக்கப்போகிறார். "நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்கிறாள். எழுந்ததும் மடிக்கணினியைத் திறக்கிறாள். முகமே சுருங்கிவிட்டது. வரன்களும் வருகின்றன. படிப்பைத் தள்ளிப்போடச் சொல்லட்டுமா? அவள் அப்பா ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டுகிறேன் என்கிறார், எடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, படிக்கலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

நம் மலேசியாவில், பாடங்கள் எடுத்துப் படிக்கும் பாடவழி முதுகலைப் பட்டத்துக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு என்று மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ வகுத்திருக்கிறது. வகுப்பில் உட்காருவது, வாசிப்பது, இடுபணி எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அந்த 40 மணிக்குள் அடங்கும். ஆக மொத்தம் 1,600 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிக்க நினைத்தால், விடுமுறை வாரங்களையும் சேர்த்தே வாரத்துக்குப் பதினைந்து மணிக்கு மேல். மூன்று ஆண்டு என்றால் பத்து மணியளவில் வரும். நான்கு ஆண்டு என்றால் எட்டு மணிக்கும் குறைவு.

இப்போது அவருடைய ரோஸ்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 9, இரவு 9 முதல் மறுநாள் காலை 7. பாலம் தாண்டிப் போய்வரும் நேரத்தைச் சேருங்கள். குளியல், துணி, கோயில், தோழியின் திருமணம், பாட்டியை மருந்தகத்துக்கு அழைத்துப்போவது எல்லாவற்றையும் எழுதுங்கள். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் எங்கே மிஞ்சுகிறது? பெரும்பாலான வார்டு தாதியருக்கு மிஞ்சாது. தூக்கத்திலிருந்துதான் அதை எடுப்பார்கள். உங்கள் மகள் இப்போதே எடுக்கத் தொடங்கிவிட்டார் என்பதுதான் கடிதத்திலிருந்து எனக்குப் புரிகிறது.

எனவே தள்ளிப்போடச் சொல்லாதீர்கள், நீட்டச் சொல்லுங்கள். பகுதிநேர மாணவியாகப் பதிந்து, ஒரு பருவத்துக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காமல், மூன்றரை அல்லது நான்கு ஆண்டில் முடிப்பது அவமானமல்ல. கூடப் படித்தவர்கள் முந்திவிடுவார்களே என்ற பதற்றம் இளையவர்களுக்கு இருக்கும். முந்தட்டும். பட்டமளிப்பு மேடையில் எத்தனை ஆண்டு எடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

தூக்கத்தைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஆலோசனைக்கு வருகிற குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடைய நிலைக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1997இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. மலேசியாவில் 2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனம் ஓட்டுகிறவருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பும் அதே அளவுதான்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம். இதை உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். பகல் 12 மணிக்கு எழுந்து, இடுபணி எழுதி, இரவு 9 மணிக்கு டியூட்டி ஏறி, காலை 7 மணிக்கு இறங்குகிற பெண் அப்போது 19 மணி நேரமாக விழித்திருக்கிறார். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தில் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல், லாரிகளுக்கு நடுவே. முகம் சுருங்கியதைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

இரவு டியூட்டி வாரங்களில் அவர் பாலத்தை விட்டுவிட்டு ஃபெரிப் படகில் வரட்டும். 2023இல் வந்த புதிய ஃபெரிகள் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்கின்றன. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஜெட்டியிலிருந்து பஸ் பிடித்தால் இன்னும் நல்லது. கண் அசந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

அதற்கு மேல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது கட்டணம் கட்டுவதைவிடப் பெரிய உதவி. நைட் முடிந்து வந்த நாளில், மாலை வரை அந்த அறைக் கதவைக் காவல் காப்பது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட எழுப்பாதீர்கள். சாப்பாட்டை மூடி வைத்தால் போதும். தடித்த திரைச்சீலை வாங்கிப் போடுங்கள். சிப்பாங்கிலிருந்து அத்தை அழைத்தால் நீங்களே பேசி வைத்துவிடுங்கள். "இந்த நேரத்தில் என்ன தூக்கம்?" என்று கேட்கிற உறவினர் ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் உங்களுடையது. மகள் சொன்னால் வாய்த்துடுக்கு என்பார்கள், நீங்கள் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள்.

நைட் வாரத்தில் படிப்பு வேண்டவே வேண்டாம் என்று மகளுக்கும் சொல்லிவிடுங்கள். அந்த வாரங்களைப் படிப்புக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டுத்தான் பாடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். காலை டியூட்டி வாரங்களில், வீடு திரும்பி ஒரு சிறு தூக்கம் போட்டுவிட்டு மாலையில் இரண்டு மணி நேரம் படித்தால், அரைத்தூக்கத்தில் ஐந்து மணி நேரம் திரையைப் பார்ப்பதைவிட அதிகமாக மண்டையில் ஏறும்.

இனி மகளிடம் நேராக ஒரு கேள்வி. எதற்காக இந்த முதுகலை?

கற்பிக்கும் ஆசை என்றால் தயங்காமல் போகட்டும். இளங்கலைத் தாதிமை மாணவர்களுக்கு விரிவுரையாளராக வேண்டுமானால் முதுகலை அவசியம். ஆய்வு, தரக் கட்டுப்பாடு, மருத்துவமனை நிர்வாகம் போன்ற துறைகளிலும் அதற்கு மதிப்புண்டு. ஆனால் வார்டில் பதவி உயர்வுக்காக என்றால் நிதானிக்கச் சொல்லுவேன். அரசுப் பணியில் முதுகலைச் சான்றிதழைக் கொடுத்த மறுநாளே கிரேடு ஏறிவிடாது. தீவிர சிகிச்சை, சிறுநீரகம், மகப்பேறு என்று ஒரு துறையில் வேரூன்ற நினைக்கிறவருக்கு முதலில் பணியிலுள்ள தாதியருக்கான சிறப்புத் துறைப் பயிற்சியான போஸ்ட் பேசிக்தான் கைகொடுக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சம்பளத்தோடு, வார்டுச் சுமை இல்லாமல் படிக்கலாம். தலைமைத் தாதியான மேட்ரனிடம் போய் "போஸ்ட் பேசிக் பட்டியலில் என் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும். வெளிநாடு போகத்தான் முதுகலை என்று நினைப்பவர்களும் உண்டு. பிரிட்டன் கேட்பது ஆங்கிலத் தேர்வும், கணினியில் எழுதும் தாதிமைத் தேர்வும், செய்முறைத் தேர்வும்தான். முதுகலை அங்கே நுழைவுச் சீட்டு அல்ல.

நோக்கம் தெளிவான பிறகு இடம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூஎஸ்எம் நம் குளுகோரில் இருக்கிறதே என்று பினாங்குப் பெற்றோர் மனக்கணக்குப் போடுவார்கள். அதன் சுகாதார அறிவியல் வளாகம் இருப்பது கிளந்தானில், குபாங் கெரியானில். மலாயாப் பல்கலைக்கழகம் (யூஎம்), மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யூகேஎம்) இரண்டுக்கும் கோலாலம்பூர் போக வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரம் என்றால், ஒரு வார இறுதி வகுப்புக்குப் போக வர எட்டு மணி. அந்த எட்டு மணியும் மேலே சொன்ன கணக்கில் ஏற வேண்டும். ரயிலில் படித்துவிடலாம் என்று சொல்வார். முதல் மாதம் படிப்பார். பிறகு தூங்குவார், தூங்குவதும் நல்லதே. இணையவழி வகுப்புகள் அதிகமுள்ள தொலைநிலைக் கல்வித் திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எதுவானாலும் எம்கியூஏவின் தகுதிப் பதிவேட்டில் அந்தப் பாடத்திட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

பாடவழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்தது என்று மூன்று வகை உண்டு. எனக்கு இதில் பிடிவாதமான கருத்து இருக்கிறது: ஷிப்டில் வேலை செய்கிறவர் முழு ஆய்வுவழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பாடவழியில் இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு வந்து தோளைத் தட்டும். ஆய்வுவழியில் யாரும் தட்டமாட்டார்கள். ஆறு மாதம் ஓடியே போய்விடும், மேற்பார்வையாளரும் வேறு வேலையில் மூழ்கியிருப்பார்.

பாடவழியிலும் கடைசியில் ஒரு சிறு ஆய்வு பெரும்பாலும் இருக்கும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் தரவு திரட்டுவதானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மருத்துவமனை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். தலைப்பை முதல் ஆண்டிலேயே யோசித்து, தன் வார்டிலேயே தினமும் கண்ணில் படுகிற ஒன்றாக எடுத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். படுக்கைப்புண், கைகழுவும் பழக்கம், நோயாளி விழுந்துவிடுவது என்று வார்டிலேயே தலைப்புகள் கொட்டிக் கிடக்கின்றன.

படிப்பதை வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் மறைக்க வேண்டாம். படிப்பது தெரிந்தால் டியூட்டியை இறுக்கிவிடுவார்களோ என்று பல தாதியர் ஒளித்து வைக்கிறார்கள். தேர்வு வாரத்தில் திடீரென்று விடுப்புக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பருவத் தொடக்கத்திலேயே தேர்வுத் தேதிகளைக் கொடுத்துவிடுவது மேல். தவிர, நம் ஊர் வார்டுகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு நம் பிள்ளைகள் மலாய்த் தோழியருக்காக நிற்பார்கள், சீனப் புத்தாண்டுக்குச் சீனத் தோழியருக்காக நிற்பார்கள், தீபாவளிக்கு அவர்கள் நமக்காக நிற்பார்கள். அந்தக் கடனைத் தீபாவளிக்கு மட்டும் வசூலிக்காமல் ஒன்றிரண்டைத் தேர்வு வாரத்துக்கு ஒதுக்கி வைக்கட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போவதா, புள்ளியியல் தேர்வுக்கு முந்தின நாள் லீவு எடுப்பதா என்று ஓர் ஆண்டு இழுபறி வரும், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பணத்துக்கு வருகிறேன். ஈபிஎஃப்பில் பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்க வழி இருக்கிறது. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிந்த பிறகு அது அவற்றில் ஒன்றான செஜாதரா கணக்கிலிருந்து வரும். வழி இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம். மகள் சம்பாதிக்கிறார், பகுதிநேரக் கட்டணம் பருவத்துக்குப் பருவம் பிரிந்து வரும், நான்கு ஆண்டுக்கு நீட்டினால் ஒவ்வொரு தவணையும் குறையும். முதுகலை எந்தத் துறையானாலும், தன் படிப்புக்குத் தானே கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. அப்பா கட்டினால் அது அப்பாவுக்குக் கிடைக்காது. அப்பாவின் பணம் அப்பாவின் முதுமைக்கு இருக்கட்டும். பணியில் உறுதிப்படுத்தப்பட்டு, ஆண்டு மதிப்பீடும் நன்றாக இருந்தால், ஹடியா லத்திஹான் பெர்செக்குத்துவான் என்னும் அரசு உதவித்தொகைக்கு முயலலாம். முழுச் சம்பள விடுப்பில் முழுநேரமாகப் படித்து முடித்து, பிறகு குறிப்பிட்ட ஆண்டுகள் அரசுக்குப் பணியாற்றக் கட்டுப்பட வேண்டும். அது கிடைத்தால் நான் மேலே சொன்ன நான்காண்டுக் கணக்கையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வரன் விஷயத்தில் முகூர்த்தம் குறிப்பது என் வேலை அல்ல. பெண் படிக்கிறாள், நைட் டியூட்டி உண்டு, ஆய்வு எழுதும் ஆண்டில் விருந்துக்கெல்லாம் வரமாட்டாள் என்பதைப் பெண் பார்க்க வருகிற அன்றே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிறவர்கள் அன்றே சுளித்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, சேர்வதற்கு முன் பல்கலைக்கழகத்திடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பகுதிநேர மாணவர் அதிகபட்சம் எத்தனை ஆண்டு எடுக்கலாம்? ஒரு பருவத்தை ஒத்திவைத்தால் அந்தப் பருவம் ஆண்டுக் கணக்கில் சேருமா? ஒத்திவைத்த பருவத்துக்கும் கட்டணம் உண்டா? நான்கு ஆண்டில் உடம்புக்கு முடியாமலோ, கல்யாணத்தாலோ, வார்டு மாற்றத்தாலோ ஒரு பருவமாவது நின்றுபோகும். அந்த ஒரு பருவத்துக்கு இடம் கொடுக்காத திட்டத்தில் சேர வேண்டாம்.