கேளுங்கள், சொல்கிறோம்: இலோக்கானோ சாப்பாட்டு மேசையில்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்குக் கரையோரமாக நீண்டு கிடக்கும் இலோக்கோஸ் பகுதியின் (அங்குள்ள மக்களும் அவர்கள் மொழியும் இலோக்கானோ) சமையலைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

மணிலாவில் மருத்துவம் படிக்கிறேன். இலோக்கோஸைச் சேர்ந்த வகுப்புத் தோழிகள் விடுமுறைக்கு அங்குள்ள விகான் நகருக்கு அழைத்திருக்கிறார்கள். உணவகத்தில் ஆறேழு பேர் உட்காரும்போது எதையெல்லாம் வரவழைக்கலாம்? பாக்நெட்தான் முக்கியம் என்று இணையத்தில் பலரும் எழுதுகிறார்களே? – வாசகி, மணிலா

இணையத்தில் எழுதுவது பாதிதான் சரி. பாக்நெட் நல்ல பண்டம் என்பதில் சந்தேகமில்லை. பன்றியின் வயிற்றுப் பகுதியைப் பாளமாக வெட்டி, உப்பும் பூண்டும் சேர்த்து வேகவைத்து, நீர் வடியவிட்டு, எண்ணெயில் ஒரு முறை பொரித்து ஆறவைத்து, பிறகு மறுபடியும் பொரிக்கிறார்கள். இரண்டாம் முறை எண்ணெயில் இறங்கும்போது தோல் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கத்தி பட்டதும் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். ஆனால் கொழுப்பும் உப்பும் மொறுமொறுப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் அது யார் கையிலும் பெயர் வாங்கிவிடும். ஓர் இலோக்கானோ உணவகத்தின் கைப்பக்குவத்தைப் பினாக்பெட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

பினாக்பெட் என்பது கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, காராமணிக்காய், விரல் நீளமேயுள்ள சிறு பாகற்காய் ஆகியவற்றை இஞ்சி, வெங்காயத்தோடு மண்பானையில் அடுக்கி, பாகோங் எனப்படும் புளிக்கவைத்த மீனின் சாற்றை ஊற்றி, சிறு தீயில் சுண்டவைக்கும் பண்டம். பாகற்காயைக் காம்போடு முழுதாகவோ, நுனியில் மட்டும் கீறியோ போடுவார்கள். கரண்டியால் கிளறினால் காய் குழைந்து கசப்பு குழம்பெங்கும் இறங்கிவிடும் என்பதால், பானையின் கழுத்தைத் துணியால் பிடித்துக் குலுக்கிவிடுவதுதான் வழக்கம். மேசைக்கு வரும்போது காய்களின் தோல் சுருங்கியிருக்க வேண்டும், உருவம் கெட்டிருக்கக் கூடாது, அடியில் இரண்டு மூன்று கரண்டிச் சாறுதான் நிற்க வேண்டும். பூசணித் துண்டுகளும் இறால் விழுதும் கலந்து, குழம்பாக வந்தால் அது மணிலாப் பாணி. அதுவும் சுவையானதே, ஆனால் அதற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியதில்லை. பினாக்பெட்டின் மேலேயே பாக்நெட் துண்டுகளைத் தூவித் தருகிற வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. தனித்தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாற்றில் ஊறி மொறுமொறுப்பு போய்விடும், பாகற்காயின் கசப்பும் கொழுப்பில் மறைந்துவிடும்.

அங்கே ஆளுக்கொரு தட்டு என்று வரவழைப்பதில்லை. சோறு மட்டும் அவரவருக்கு, மற்றவையெல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதற்கு. எனவே பினாக்பெட்டும் ஒரு தட்டு பாக்நெட்டும் வந்தபின், அந்தக் கொழுப்பை அறுக்க தக்காளி, சிறு வெங்காயம், பாகோங் மூன்றையும் பிசிறிய பச்சடியைக் கட்டாயம் கேளுங்கள். சாறாக ஒன்று வேண்டுமென்றால் தினெங்தெங். வெந்த காய்கறிகளும் கீரைகளும் பாகோங் கலந்த தெளிந்த நீரில் மிதக்க, மேலே சுட்ட மீன் ஒன்று கிடக்கும். விகான் லொங்கனிசா என்கிற குட்டைத் தொத்திறைச்சி பூண்டு வாசனை தூக்கலானது. மணிலாவில் கிடைக்கும் இனிப்பு வகைகளைப் போல இருக்காது. பன்றித் தலையிறைச்சியைச் சுட்டு நறுக்கிச் செய்யும் தினாக்தாக்கானை, பாக்நெட் வருகிற அதே வேளையில் வரவழைக்காமல் அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் பிற்பகலில் ஊர் சுற்றிப் பார்க்க முடியாது.

வேலை நிமித்தமாக இலோக்கோஸின் லவோக் நகரில் சில மாதங்கள் தங்கவேண்டியிருக்கிறது. நான் சைவம். அலுவலக நண்பர்கள் "எங்கள் ஊர்ச் சாப்பாடே காய்கறிதான், கவலைப்படாதே" என்கிறார்கள். நம்பலாமா? – வாசகர், திருச்சி

காய்கறி என்பதை நம்பலாம். சைவம் என்பதை நம்ப வேண்டாம். நண்பர்கள் பொய் சொல்லவில்லை. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு ஜாடியில் மாதக்கணக்கில் புளிக்கவைத்து எடுக்கும் பாகோங், அவர்கள் அடுக்களையில் உப்பு என்ற கணக்கில்தான் வருகிறது, மீன் என்ற கணக்கில் வருவதில்லை. பினாக்பெட், தினெங்தெங் இரண்டுக்கும் அதுவே ஆதாரம். அதை நீக்கிச் சமைக்கச் சொல்வது ரசத்தில் புளியை நீக்கச் சொல்வது போலத்தான். செய்து தருவார்கள், ஆனால் என்ன செய்வதென்று ஒரு கணம் திகைப்பார்கள்.

இருந்தாலும் அந்தக் காய்கறிச் சந்தையில் நீங்கள் அந்நியராக உணர மாட்டீர்கள். ஒரு பக்கம் கொர்தில்லேரா மலைத்தொடர், மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய சமவெளி, ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் மழையில்லாத வறட்சி என்று அமைந்துவிட்ட நிலத்தில், குறைந்த நீரில் வளரக்கூடியதும் வேலியோரத்தில் தானாக முளைப்பதும்தான் சாப்பாடாகியிருக்கின்றன. முருங்கைக் கீரை, முருங்கைப் பிஞ்சு, அகத்திப் பூ, பாகல் கொடியின் தளிர், துவரையின் பச்சைக் காய், மூங்கில் குருத்து, சணல் செடியின் இளங்கீரை ஆகிய அனைத்தும் அங்கே அன்றாடச் சமையலில் இருக்கின்றன. அகத்திப் பூவை வெந்நீரில் லேசாக வாட்டித் தக்காளியோடு பிசிறிச் சாப்பிடுகிறார்கள். பாகோங் ஊற்றும் முன்பே உங்கள் பங்கை எடுத்துவைக்கச் சொல்லலாம்.

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் போக்கி-போக்கி உங்களுக்கு ஏற்றது. கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கியதில் மசித்துப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறியெடுப்பார்கள். சிறு பச்சை மணிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்ததுபோல் இருக்கும் கடற்பாசிப் பச்சடியையும் தைரியமாகக் கேட்கலாம். பல்லில் பட்டதும் மணிகள் உடைந்து உப்புநீர் தெறிக்கும். மேலே பாகோங் வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலோக்கானோ மொழியில் "இல்லை" என்பதற்கு "அவான்". "அவான் தி கார்னே, அவான் தி இக்கான், அவான் தி புக்கோங்" என்றால் இறைச்சி, மீன், பாகோங் மூன்றும் கூடாது என்று தெளிவாகப் புரிந்துவிடும். "சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் இறைச்சியை மட்டும் நீக்கிவிட்டு மீன் போடுவார்கள். நண்பர் ஒருவரை முந்தின நாளே உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொல்வது இன்னும் பாதுகாப்பு.

பித்தநீர் ஊற்றிச் சமைக்கும் சூப் ஒன்று உண்டாமே, உண்மையா? – வாசகர், கோயம்புத்தூர்

உண்மை. பாப்பாயிதான் என்று பெயர். ஆட்டின் குடல், ஈரல், இரைப்பை முதலியவற்றைப் பொடியாக நறுக்கி இஞ்சியோடு வேகவைத்து, பித்தநீரை அளவாகச் சேர்த்து, பிலிம்பிக் காய் அல்லது புளியால் புளிப்பேற்றுவார்கள். முதல் வாயில் கசப்பு முகத்தைச் சுளிக்கவைக்கும். நாலாவது கரண்டியில் அந்தக் கசப்புக்காகவே கை நீளும். ஒரு கிண்ணம் வாங்கி எல்லோரும் பகிர்ந்து பாருங்கள். மாட்டின் உள்ளுறுப்புகளிலும் இதைச் செய்வதுண்டு, விகானில் காலையில் விற்கும் சினாங்லாவ் என்கிற இதே வகைச் சூப் பெரும்பாலும் மாடுதான். அதைத் தவிர்ப்பவர்கள் "கல்திங்" என்று, அதாவது ஆடு என்று கேட்டு வாங்க வேண்டும்.

எம்பனாடா என்கிற, பூரணம் வைத்து மடித்துப் பொரிக்கும் பண்டத்தை விகானில் சாப்பிடுவதா, இலோக்கோஸின் இன்னோர் ஊரான பாத்தாக்கிலா என்று நண்பர்கள் சண்டை போடுகிறார்கள். உங்கள் தீர்ப்பு? – வாசகி, சிங்கப்பூர்

என் வாக்கு பாத்தாக்குக்கு. பெயர் ஸ்பானியர் விட்டுச் சென்றது என்றாலும், மேல்மாவு அரிசி மாவு. பாத்தாக்கில் அனாட்டோ விதையின் செம்மஞ்சள் சாயம் சேர்த்துப் பிசைந்த மாவை நெகிழித் தாளின்மேல் மெல்லியதாகத் தட்டி, துருவிய பப்பாளிக்காயும் வேகவைத்த பாசிப்பயறும் பரப்பி, நடுவில் குழிசெய்து முட்டையை உடைத்து ஊற்றி, லொங்கனிசாவைப் பிட்டுப் போட்டு, தாளோடு சேர்த்தே மடித்து ஓரத்தைத் தட்டின் விளிம்பால் அழுத்தி வெட்டுகிறார்கள். முட்டை வழியாமல் அதை எண்ணெயில் நழுவவிடுகிற லாகவத்தைப் பார்க்கவே கடை முன்னால் நிற்கலாம். விகானில் மாவு பெரும்பாலும் இன்னும் மெல்லியது, பூரணம் எளியது. பயறு தரும் கனம் அதில் இல்லை. எந்த ஊரானாலும் சூடாக இருக்கும்போதே ஒரு முனையைக் கடித்து, உள்ளே காடி (வினிகர்) ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

அந்தக் காடி ஏன் அவ்வளவு கறுப்பாக இருக்கிறது? – வாசகர், மதுரை

கரும்புச் சாற்றிலிருந்து வருவதால். சாற்றைக் காய்ச்சி, பூர்ணாய் என்கிற விகான் ஜாடிகளில் புளிக்கவைத்தால் முதலில் பாசி என்ற மது கிடைக்கும். மேலும் புளித்தால் காடியாகும். இந்தப் பாசியைத் தனியார் காய்ச்சக் கூடாது என்று ஸ்பானிய அரசு தடுத்து ஏகபோகமாக்கியதால் 1807-இல் பித்திக் என்ற ஊரில் கலகமே வெடித்தது. அதைச் சித்திரிக்கும் 14 ஓவியங்கள் விகானில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிறு குவளை பாசி குடிக்கலாம். இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும்.

பணம் கொடுப்பதில் என்ன வழக்கம்? – வாசகி, மணிலா (முதல் கேள்வி கேட்டவரே)

நண்பர்களுக்குள் என்றால் அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது சகஜம். அதைச் சுருக்கமாக "கேகேபி" என்பார்கள். ஆனால் பிறந்தநாள் கொண்டாடுபவரோ, தோழியின் பெற்றோரோ அழைத்திருந்தால் அவர்களே கொடுப்பார்கள். அங்கே பணப்பையை எடுத்து மல்லுக்கு நிற்காமல், மணிலாவிலிருந்து போகும்போதே ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். மீந்ததைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்வதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை. பினாக்பெட் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். பாக்நெட்டை மட்டும் வெறுமனே சூடாக்காமல் மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் தோல் ரப்பராகிவிடும்.