ஆரஞ்சு வில்லையில் பூசணம்: பனிதான் காரணம்

சத்துவாச்சாரியில் மொட்டைமாடியில் காயவைத்த ஆரஞ்சு வில்லைகள் மூன்றாம் நாளே பூசணம் பிடித்துவிட்டன, ஓவனும் இல்லை, கிறிஸ்துமஸுக்குள் பிள்ளைகளோடு தோரணம் கட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். நம்ம வேலூர் வெயில் மார்கழியிலும் போதும், கெடுப்பது ராத்திரிப் பனி, அதனால் பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்து ஃபேனுக்கு அடியில் வைத்துவிடுங்கள். வில்லை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்க வேண்டாம், நறுக்கியதும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, தட்டில் பரப்பாமல் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்பினால் அடியிலும் காற்று போகும், மதியம் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். தோலை ஒட்டிய சதையை அழுத்திப் பார்த்துப் பிசுபிசுப்பு இல்லையென்றால் கோக்கலாம். பூசணம் வந்ததைத் தூக்கிப் போடுங்கள், சுரண்டிப் பயனில்லை.

அவ்வளவு பொறுமை இல்லையா, பனங்குருத்தோலையில் நட்சத்திரம் மடியுங்கள், காய்ந்தாலும் வடிவம் கலையாது, எனக்கு ஆரஞ்சைவிட அதுதான் பிடிக்கும். இடையிடையே சவுக்குக் காய் கட்டலாம். அப்புறம், சிவப்புக்காகக் குன்றிமணி கோக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். விதைக்குள் கடும் விஷம், துளைத்த மணியைச் சின்னவன் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு நூலிலேயே கோத்துவிடுங்கள், போதும்.