யாழ்ப்பாணக் கடலில் டைவ் பண்ண எந்த மணிக்கட்டுக் கொம்பாஸ் நல்லது? கொம்பாஸைப் பார்த்துக்கொண்டே நீந்தியும் திசை விலகுவது ஏன்?

சாய்த்தாலும் சிக்காமல் சுழலும் கொம்பாஸை வாங்குங்கள். விலையும் வடிவமும் அதற்குப் பிறகுதான். தண்ணீருக்குள் கை கொஞ்சமாவது சாயும். அப்போது உள்ளேயுள்ள, ஊசி பொருத்திய தட்டு கண்ணாடியில் உரசி நின்றுவிட்டால், நீங்கள் திரும்பியிருப்பீர்கள், தட்டு திரும்பியிருக்காது. விலகல் அங்கேதான் தொடங்குகிறது.

நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். அதைச் சரிக்கட்ட, அங்கே விற்பவற்றில் தென்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். யாழ்ப்பாணம் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே புலம் ஏறத்தாழக் கிடையாக ஓடுகிறது. ஆகவே அந்தத் தட்டு இங்கே தெற்கே சரிந்து நிற்கும். சாய்வைத் தாங்கும் அளவில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். 30 பாகை வரை சாய்வு தாங்கும் மொடல் என்றால் இது பெரிய தொல்லை தராது. கடையில் மற்றக் கொம்பாஸ்கள், இரும்பு அலுமாரி, போன் எல்லாவற்றையும் விட்டு விலகி நின்று, 20 பாகை சாய்த்தபடி மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தயங்கி, பிறகு துள்ளினால் வாங்க வேண்டாம். கொம்பாஸின் விளிம்பில் திசையைக் குறித்து வைக்கும் சுழல்வளையம் ஈரக் கைக்கும் திரும்ப வேண்டும். தானாக நகரவும் கூடாது. தடித்த நியோப்ரீன் (நுரை ரப்பர்) டைவ் உடை ஆழத்தில் நசுங்குவதால் பக்கிள் பட்டி தளரும். இழுபடும் ரப்பர் கயிறு அந்த நேரத்திலும் இறுக்கமாக நிற்கும்.

இனி நேராக நீந்துவது. கொம்பாஸ் இடது மணிக்கட்டில் இருந்தால் வலது கையை முன்னே நேராக நீட்டி, அதன் முழங்கையை இடது கையால் பிடியுங்கள். கொம்பாஸ் முகத்துக்கு நேர் முன்னே வரும். அதன் முகத்தில் போகும் திசையைக் காட்டும் நடுக்கோடும் உங்கள் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கூடு பார்ப்பதுபோல் கையை மடக்கிப் பார்த்தால், நடுக்கோடு ஒரு பக்கமும் உடல் இன்னொரு பக்கமும் போகும். 5 பாகை பிழை 100 மீற்றரில் கிட்டத்தட்ட 9 மீற்றர் விலக்கும். 3 மீற்றருக்கு மேல் தெரியாத கலங்கலில் வள்ளத்தின் நங்கூரக் கயிற்றைத் தவறவிட அது போதும்.

மேலே இருக்கும்போதே நடுக்கோட்டை இலக்குக்கு நேரே பிடித்து, ஊசி அடங்கியதும் வளையத்தின் இரண்டு குறிகளுக்கு நடுவே வடமுனை வரும்படி திருப்பி வையுங்கள். திரும்பி வரும்போது வளையத்தைத் தொட வேண்டாம். தென்முனை அந்தக் குறிகளுக்குள் வரும்வரை உடலைத் திருப்பினால் போதும். திசை மாற்றக் கையை மட்டும் திருப்பாமல் முழு உடலோடும் திரும்புங்கள்.

காங்கேசன்துறை முதல் பருத்தித்துறை வரை கரை ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடப்பதால், அங்கே கொம்பாஸில் தெற்கு என்றால் கரை. ஆனால் பக்கவாட்டு நீரோட்டத்தைக் கொம்பாஸ் காட்டாது. நீங்கள் தெற்கையே பார்த்து நீந்துவீர்கள், தண்ணீர் உங்களைப் பக்கமாகக் கொண்டுபோய்விடும். பருவக்காற்றோடு அந்த ஓட்டத்தின் திசையும் மாறும். இறங்கியதும் அடியில் ஒரு கல்லைப் பார்த்தபடி சிறிது நேரம் அசையாமல் நின்றால், எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். அதற்கேற்ப எதிர்ப்பக்கமாகச் சில பாகை சேர்த்துப் பிடியுங்கள்.

காந்த சுவிட்ச் உள்ள ரோச், உருக்குக் கத்தி, டைவ் கொம்பியூட்டர் ஆகியவை கொம்பாஸ் கட்டிய கையில் இருக்கக் கூடாது. தரையிலேயே ஒவ்வொன்றாகக் கிட்டக் கொண்டுபோய் ஊசி அசைகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து ஊசியின் முனைகளே மாறிப்போவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் வள்ளம் விட்டு இறங்குமுன் சூரியனைக் கொண்டு ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.