நோட்டரி பத்திரத்தில் எழுதினால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடம். ஆறு வயதில் மகள். பதினான்கு மாதமாகத் தனித்தனியே இருக்கிறோம். "கோர்ட்டுக்குப் போனால் இழுத்துக்கொண்டே போகும், முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முடித்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் கணவர் வீட்டார். எங்களுக்குள் இப்போது சண்டை இல்லை. வக்கீல் வைக்க என்னிடம் பணமும் இல்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்களுடையது இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் வரும் கல்யாணம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். அதை முடித்துவைக்க நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். சில சமூகங்களில் தொன்றுதொட்டு இருக்கும் அத்துவிடும் வழக்கத்தை 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் இருப்பதை நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது. நோட்டரி முத்திரை எதையும் நிரூபிக்காது.

இந்தப் பத்திரங்களில் வழக்கமாக இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்." பார்க்கச் சாதாரண வரிதான். ஆனால் கல்யாணம் சட்டப்படி நீடிக்கும்போது சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதுவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. ஆக விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்ச வழக்கிலும் அந்த வரியையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். மற்றொன்று, "குழந்தைக்காக எதுவும் கேட்கமாட்டேன்." குழந்தையின் ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. தாய் எழுதிக்கொடுத்து அதை விட்டுத்தர முடியாது.

செலவு பற்றி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். கல்யாணப் பதிவுச் சான்று அல்லது அழைப்பிதழும் புகைப்படமும், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று ஆகியவற்றை எடுத்துப்போங்கள்.

வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசப் பேச்சு வேண்டுமென்று அங்கேயே கேட்கலாம். கணவருக்கு அழைப்பு போகும். சமரசர் தீர்ப்புச் சொல்பவரல்ல. இருவரிடமும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேசுவார். அங்கே பேசியதைப் பிறகு வழக்கில் சாட்சியமாக்க முடியாது என்பதால் வருமானத்தையும் கடனையும் மனம்விட்டுப் பேசலாம். உடன்பாட்டை மக்கள் நீதிமன்றத்தில் பதிந்தால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஆனால் விவாகரத்தை மட்டும் அங்கே பெற முடியாது. அதற்குக் குடும்ப நல நீதிமன்றத்தில் இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் கூட்டு மனுப் போட வேண்டும்.

அந்த மனுவுக்கு வேண்டிய ஓராண்டுப் பிரிவு உங்களுக்கு முடிந்துவிட்டது. மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுவுக்கு முன்பே பதினெட்டு மாதம் பிரிந்திருந்து, சேர்த்துவைக்கும் முயற்சிகள் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே பேசி முடிந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்றது. நீங்கள் இன்னும் நான்கு மாதம் சமரசத்துக்கு எடுத்துக்கொண்டு பிறகு மனுப் போட்டால், தளர்த்தும்படியும் கேட்க இடமுண்டு. எங்கள் கருத்தில் அவசர மனுவைவிட இதுவே மேல்.

பேசி முடித்தவை பிறகு உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் மொட்டையாக எழுதிய வாசகங்கள்தான். "குழந்தைச் செலவை அப்பா பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடாதீர்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும், பள்ளிக் கட்டணமும் வைத்தியச் செலவும் இதில் அடங்குமா தனியா என்று எழுதுங்கள். அப்பா மகளைப் பார்க்கும் கிழமை, நேரம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து என்பதும் வேண்டும். நகைக்கு "அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி போதாது. ஒவ்வொன்றையும் எடையோடு பட்டியலிட்டு இணையுங்கள்.

தீர்ப்பாணை வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் மொத்தத் தொகை பேசியிருந்தால், இறுதி வாக்குமூலத்தன்று நீதிமன்றத்திலேயே டிடியாக வாங்குவது இருதரப்புக்கும் பாதுகாப்பு. ஏதாவது வழக்கு நிலுவையில் இருந்தால், பணம் கைக்கு வருமுன் அதை வாபஸ் வாங்காதீர்கள்.

அடியோ மிரட்டலோ இருந்தால் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அப்போது சமரச மேசைக்கு முன், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன்கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். கணவர் வீட்டில் தங்கும் உரிமை, பாதுகாப்பு, இடைக்காலப் பணம் எல்லாவற்றையும் அங்கே ஒரே மனுவில் கேட்கலாம்.