பேச்சு வரட்டும் என்று பள்ளியைத் தள்ளிப் போடாதீர்கள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். பதினைந்து சொல்லுக்கு மேல் வரவில்லை. எல்கேஜி சேர்க்கைக்குப் போன இடத்தில் "பேச்சு வந்ததும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார், "அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் திறந்தான்" என்கிறார். இனிமேல் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் அம்மா. பரிசோதனை, பயிற்சி, பள்ளி மூன்றும் சேர்ந்தே நடக்கட்டும். ஒன்று முடிந்துதான் அடுத்தது என்று காத்திருந்தால் வயதுதான் போகும்.

தாமதமாகப் பேசி, பிறகு சரளமாகப் பேசிய பிள்ளைகள் உண்டு. உங்கள் மாமியார் சொல்வது பொய்யில்லை. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டும் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வயதில் சுமார் ஐம்பது சொல்லும், "அம்மா தண்ணி" போல இரண்டு சொல்லைச் சேர்ப்பதும் வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் பிள்ளை அந்த வயதைத் தாண்டி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் காது. "கூப்பிட்டா திரும்பறான், டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றான், காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லாத பெற்றோரை நான் பார்த்ததே இல்லை. என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தைக்குப் பிறந்தபோது எடுத்த காதுச் சோதனை சரியாகவே இருந்தது. அதை நம்பி ஒரு வருடம் பேச்சுப் பயிற்சி மட்டும் நடந்தது. பிறகுதான் நடுக்காதில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. அவளுக்குச் சத்தம் கேட்டது, ஆனால் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல மங்கலாக. "பால்", "கால்" இரண்டும் அவளுக்கு ஒன்றே. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நடுக்காது அழுத்தச் சோதனையும், தேவையென்றால், சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று தூங்கும்போது பார்க்கும் பெரா சோதனையும் கேளுங்கள். கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தால் காதொலிக் கருவி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்தது மொழி மதிப்பீடு. "எத்தனை சொல் பேசுகிறான்" என்பதைவிட "எவ்வளவு புரிந்துகொள்கிறான்" என்பது பெரிய கேள்வி. கை காட்டாமல், கண்ணால் சாடை செய்யாமல், "செருப்பை எடுத்து அப்பாகிட்ட குடு" என்று சொல்லிப் பாருங்கள். செய்தால் அது நல்ல அறிகுறி. வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுகிறானா? புரிதலும் இந்தச் சாடைகளும் இருந்து பேச்சு மட்டும் பின்தங்கினால் அது ஒரு வழி. புரிதலும் குறைவென்றால் வேறு வழி. சுட்டிக் காட்டுவதும் முகம் பார்ப்பதும் இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான மதிப்பீட்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்து தள்ளிப் போட்டவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மதிப்பீடு தமிழில் நடக்க வேண்டும். ஆப்பிள், டாக், கேட் என்று ஆங்கிலத்தில் படஅட்டை காட்டி, பதில் வரவில்லை என்று எழுதித் தருகிற இடங்கள் இருக்கின்றன. "அப்பா வண்டி" என்பதற்கும் "அப்பா வண்டில போனாங்க" என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். வேற்றுமை, காலம், மரியாதை மூன்றும் அந்தச் சின்ன வாக்கியத்தில் ஏறிவிட்டன. பிள்ளை இந்தப் பாதையில் எங்கே நிற்கிறான் என்பதைத் தமிழ் காது உள்ளவரால்தான் கேட்க முடியும். அதேபோல, மொபைல் பார்த்து ஒன்று முதல் இருபது வரை ஆங்கிலத்தில் ஒப்பிப்பதை, நிறங்களின் பெயர் சொல்வதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரிகிறதா என்பதே கணக்கு. "வாழைப்பழத்தை வாயப்பயம்னு சொல்றான்" என்பது இந்த வயதில் கவலையே இல்லை. ழகரம் தாமதமாகத்தான் வரும்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. வீட்டில் தமிழை நிறுத்தினால் பாட்டி ஊமையாகிவிடுவார். உங்களுக்கும் சரளமாக வராத மொழியில் பிள்ளையிடம் எவ்வளவு நேரம் பேசிவிட முடியும்? அவனுக்குக் கிடைக்கிற பேச்சுதான் பாதியாகும்.

எங்கே போவது? பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரம் கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம். பெரிய அளவில் ஆலோசனை வேண்டுமென்றால் மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். தனியார் மையம் என்றால், பயிற்சி தருபவர் பிஏஎஸ்எல்பி என்ற செவித்திறன், பேச்சு, மொழிப் பட்டப்படிப்பு படித்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. "ஸ்பீச் தெரபி" என்று பலகை மாட்ட யாராலும் முடியும்.

இப்போது பள்ளி. உங்கள் தெரு அங்கன்வாடியை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று தெரிகிறது. யோசியுங்கள். பாட்டு, கதை, தமிழ் பேசும் சமவயதுப் பிள்ளைகள், எழுதச் சொல்லி நெருக்காத நேரம், இவைதான் இப்போது அவனுக்கு வேண்டும். தனியார் பள்ளிதான் என்றால் வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர் தமிழில் பேசுவாரா, பயிற்சி நாளில் சீக்கிரம் அழைத்துப் போகலாமா என்று மட்டும் கேளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 13-ஆம் பிரிவு, சேர்க்கையில் குழந்தையைச் சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதைப் பற்றியது என்பதால் எல்கேஜியில் அதை வைத்து வாதாடுவது எளிதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பேச்சு, மொழிக் குறைபாட்டையும் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், வேண்டாவெறுப்பாகச் சேர்க்கிற பள்ளியில் மூன்றரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது. வேறு பள்ளி தேடுங்கள். ஐந்து வயதில் அரசுப் பள்ளியில் முதல் வகுப்பு சேர்த்தால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் அவனைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

"பத்தாவது எப்படி எழுதுவான், வேலை கிடைக்குமா" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு மூன்றே முக்கால் வயதில் பதில் இல்லை அம்மா. தேவைப்பட்டால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் இருக்கின்றன. அதற்குச் சான்றுகள் கேட்பார்கள். அதனால் இன்று முதல் வரும் ஒவ்வொரு அறிக்கையையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பள்ளியிடம் எதையும் மறைக்காதீர்கள்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது அவனுக்குப் பிடித்த பொம்மை ஒன்றையும், வீட்டில் அவன் இயல்பாக விளையாடும் இரண்டு நிமிட வீடியோவையும் கொண்டு போங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. பாட்டியையும் கூட அழைத்துப் போங்கள். பகல் முழுக்க அவனோடு இருப்பவர் அவர்தானே. காதுச் சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். எந்தப் பள்ளி என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.