நண்பர்களோடு தாய்லாந்துத் தீவுகள்: பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன் முதல் இரண்டு பதில்களையாவது படித்துவிடுங்கள். தீவுப் பயணத்தில் பெரும்பாலான சிக்கல்கள் தப்பான மாதத்திலோ, அளவுக்கு மீறிய தீவுகளிலோதான் ஆரம்பிக்கின்றன.

பிரவீன், எலெக்ட்ரானிக் சிட்டி: அக்கா, நாங்க எட்டுப் பேர், எல்லாரும் ஆபீஸ் நண்பர்கள். ஆகஸ்ட் 15 லீவை ஒட்டி ஒரு வாரம் கிடைக்குது. புக்கெட், ஃபி ஃபி, கிராபி, சமூய் நாலையும் ஒரே டிரிப்ல பார்த்துடலாமா?

வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்லும் நான்கும் ஒரே கடலில் இல்லை. புக்கெட், ஃபி ஃபி, கிராபி, லந்தா எல்லாம் மேற்கே அந்தமான் கடல் பக்கம். சமூய், பங்ஙன், தாவ் மூன்றும் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில். நடுவில் ஒரு நிலப்பகுதியையே கடக்க வேண்டும். படகு, பஸ், மறுபடி படகு என்று ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

மழைக்காலமும் இரண்டு பக்கமும் வேறு வேறு. நம் தென்மேற்குப் பருவக்காற்றுதான் அந்தமான் பக்கத்தையும் அடிக்கிறது. மே முதல் அக்டோபர் வரை அங்கே அலை அதிகம், நீர் கலங்கல், படகு சேவையும் குறைவு. வளைகுடாப் பக்கம் அந்த மாதங்களில் ஓரளவு அமைதியாக இருக்கும். அங்கே பெருமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும், நவம்பர்தான் மோசம். ஆகவே ஆகஸ்ட் என்றால் சமூய் பக்கம், கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் கிராபி பக்கம். தசரா லீவில் போகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் உறுதி சொல்ல முடியாத நேரம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு, பஸ்ஸிலும் படகிலும் உள்ளூர்க் கூட்டமே நிரம்பிவிடும்.

உங்கள் ஏழு இரவுக்கு சமூயில் மூன்று, தாவ் அல்லது பங்ஙனில் மூன்று, கடைசி இரவு மறுபடி விமான நிலையத்துக்குப் பக்கம். மூன்றாவது தீவைச் சேர்க்காதீர்கள். காலையில் அறையைக் காலி செய்து, துறைக்குப் போய்க் காத்திருந்து, கடந்து, அடுத்த அறையின் சாவி கையில் வரும்போது மதியம் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எட்டுப் பேர் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவது அபூர்வம்.

சமூய்க்கு நேரே பறந்தால் டிக்கெட் விலை கூடுதல், ஏனென்றால் அந்த விமான நிலையமே ஒரு விமான நிறுவனத்துக்குச் சொந்தம். செலவைக் குறைக்க பாங்காக்கிலிருந்து சூரத் தானிக்குப் பறந்து, பஸ்ஸில் டொன்சாக் துறைக்குப் போய்ப் பெரிய படகைப் பிடிக்கலாம். கடல் மட்டும் ஒன்றரை மணி நேரம். விமானம், பஸ், படகு மூன்றையும் சேர்த்து விற்கும் டிக்கெட்டையே வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், விமானம் தாமதமாகிப் படகைத் தவறவிடும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கவிதா, சி.வி.ராமன் நகர்: டிசம்பர் கடைசி வாரம், ஆறு தோழிகள், ஏழு இரவு. கிராபி, ஃபி ஃபி, புக்கெட். எந்த வரிசை நல்லது?

கிராபியில் மூன்று, ஃபி ஃபியில் இரண்டு, புக்கெட்டில் இரண்டு. வந்த வழியே திரும்பாமல் ஒரே திசையில் போகும் பாதை இது. பாங்காக் மாறிக் கிராபியில் இறங்குங்கள், திரும்பும்போது புக்கெட்டிலிருந்து ஏறுங்கள். கிராபியிலிருந்து ஃபி ஃபிக்குப் பெரிய படகில் ஒன்றரை மணி, அங்கிருந்து புக்கெட்டின் ரசாதா துறைக்கு சுமார் இரண்டு மணி.

விமானம் ஏறும் நாளில் ஃபி ஃபியிலிருந்து கிளம்பும் திட்டம் மட்டும் கூடவே கூடாது. அங்கிருந்து புக்கெட் போகும் படகுகள் பிற்பகலோடு முடிந்துவிடும். ரசாதா துறையிலிருந்து விமான நிலையத்துக்கு 35 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, நெரிசலில் ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். காற்று கிளம்பி ஒரு படகு நின்றாலே விமானம் போயிற்று. கடைசி இரவைப் புக்கெட்டில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டிசம்பர் 24 முதல் ஜனவரி முதல் வாரம் வரை பல விடுதிகள் குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். அறைகளை முதலில் உறுதி செய்யுங்கள், படகு டிக்கெட் பிறகு. சாதாரண மாதங்களில் படகுக்கு முந்தின நாள் மாலை வாங்கினாலே போதும், ஆனால் அந்த வாரத்தில் ஆறு பேருக்குச் சேர்ந்து இடம் கிடைக்காது.

ஃபி ஃபியில் விடுதிகள் இருக்கும் பெரிய தீவான ஃபி ஃபி டானில் கார் ஓடும் சாலை கிடையாது. டொன்சாய் துறையில் இறங்கினால் நடைதான், இல்லையென்றால் தள்ளுவண்டிக்காரரிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டும். அதனால் சக்கரப் பெட்டியை விட முதுகுப் பை நல்லது. கிராபிக்குப் பக்கத்துக் கடற்கரையான ரைலேவுக்கும் சாலை வழி இல்லை. படகு கரை தட்டியதும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பதுதான் அங்கே வழக்கம்.

ஷண்முகம், வைட்ஃபீல்ட்: நீளவால் படகு, ஸ்பீட்போட், ஃபெர்ரி. எதற்கு எது?

தீவு மாற, பெட்டியோடு போக: ஃபெர்ரி. மெதுவாகப் போகும், ஆனால் ஆட்டம் குறைவு, கழிப்பறை உண்டு.

பகல் சுற்றுக்குக் கூட்டமாகப் போனால் நீளவால் படகை, அதாவது பின்னால் நீண்ட தண்டில் மோட்டார் வைத்த மரப்படகை, முழுதாக வாடகைக்கு எடுங்கள். எட்டுப் பேருக்கு அது தாராளம். ஆளுக்கு இவ்வளவு என்று விற்கும் ஸ்பீட்போட் சுற்றில் ஒரு கரையில் அரை மணிதான் நிறுத்துவார்கள். தனிப் படகில் காலை ஏழரைக்கே கிளம்பி, கூட்டம் வருவதற்குள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். பேசும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், தேசியப் பூங்கா கட்டணம் அதில் சேர்த்தியா, முகமூடியும் மூச்சுக்குழலும் தருவார்களா. பெரும்பாலும் சண்டை வருவது பூங்கா கட்டணத்தில்தான். ஃபி ஃபி கடல் பூங்காவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், அது வாடகையில் சேராது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பாதி முன்பணம், மீதி கரைக்குத் திரும்பிய பிறகு.

கிராபிக் கரையான ஆவ் நாங்கிலிருந்து ரைலே போல் பக்கத்து இடங்களுக்குக் கவுண்டரிலேயே விலைப்பலகை உண்டு, பேரம் வேண்டாம். எட்டுப் பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். நீங்களே எட்டுப் பேர் என்றால் காத்திருக்கவே வேண்டாம். சாயங்காலம் ஆறுக்கு மேல் கட்டணம் கூடும். கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் நீளவால் படகு கரையை ஒட்டி வர முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம், அதனால் திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

ஸ்பீட்போட்டில் முன்பக்கம் உட்காராதீர்கள். படம் எடுக்க வசதிதான், ஆனால் ஒவ்வொரு அலையிலும் படகின் முன்பகுதி எழும்பி விழும்போது அடி நேரே முதுகெலும்பில் இறங்கும். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஸ்பீட்போட்டையே தவிர்க்க வேண்டும்.

பெயர் வேண்டாம், மாரத்தஹள்ளி: எனக்கு நீச்சல் தெரியாது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஸ்நார்க்கலிங் போறாங்க. நான் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

உட்கார்ந்திருக்க வேண்டாம், நீங்களும் இறங்கலாம். ஆனால் படகிலிருந்து ஆழத்தில் குதித்து முதல் பாடம் படிக்காதீர்கள். முந்தின நாளே, இடுப்பளவு தண்ணீரில், நின்றபடி பழகுங்கள்.

முகமூடியை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை விட்டாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசை அடர்த்தியாக இருந்தால் அந்த வழியே நீர் கசியும், மேலுதட்டில் கொஞ்சம் வாஸலின் தடவினால் குறையும். தலைமுடி ஓரத்தில் சிக்கினாலும் கசியும். கண்ணாடி புகை படியாமல் இருக்க உள்பக்கம் எச்சிலையோ ஒரு சொட்டு பேபி ஷாம்பூவையோ தேய்த்து லேசாக அலசுங்கள். குழலில் தண்ணீர் புகுந்தால் பதறி உறிஞ்சாமல், ஒரே வேகத்தில் ஊதி வெளியேற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதி பயம் போய்விடும்.

லைஃப் ஜாக்கெட்டின் இடுப்பு வார்களை இறுக்காவிட்டால் தண்ணீரில் அது மேலேறி முகத்தை மறைக்கும். நீந்தத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தை விட்டு நகரக்கூடாது என்று முன்பே பேசி வையுங்கள். முதுகுக்கு முழுக்கை மேல்சட்டை போடுங்கள், மிதக்கும்போது வெயில் சுடுவது தெரியாது, ராத்திரிதான் தெரியும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிருள்ளது, உங்கள் காலையும் கிழிக்கும். அதன் இடுக்கில்தான் கடல் முள்ளெலி கிடக்கும்.

ரேவதி, ஜே.பி. நகர்: கடல் குமட்டலுக்கு என்ன மாத்திரை, எப்போது?

படகு குமட்டல்தானே? அவோமின் போன்றதைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. தூக்கம் வரும், அதனால் மது வேண்டாம், அன்று வண்டியும் ஓட்டக்கூடாது. வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிரம்பிய வயிறும் ஆகாது. படகின் பின்பாதியில், நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்த்தால் குமட்டல் கூடும்.

அருண், கோரமங்களா: மாயா பேல நீந்தலாமா?

நீந்த முடியாது. ஃபி ஃபி பக்கத்தில் இருக்கும் இந்தக் குடாவை 2018 ஜூனில் மூடி, பவளம் தேறிய பிறகு 2022 ஜனவரியில் திறந்தார்கள். படகுகள் குடாவுக்குள் நுழையக்கூடாது, பின்பக்கம் லோ சமா வழியே இறங்கி நடந்து வர வேண்டும். தண்ணீரில் கால் நனைக்கலாம், அவ்வளவுதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். அந்தமான் பக்கத்துச் சிமிலன் தீவுகள் மே மத்தியிலிருந்து அக்டோபர் மத்தி வரை மூடல். நீந்துவதற்கு, மாயா பேக்குப் பக்கத்திலேயே பிலே குடா இருக்கிறது.

இன்னொன்று: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ள சன்ஸ்கிரீன் தாய்லாந்துக் கடல் பூங்காக்களில் 2021 முதல் தடை. வாங்கும்போது பின்பக்க அட்டையைப் படியுங்கள். ஜிங்க் ஆக்ஸைடு வகை நல்லது.

மணிகண்டன், பி.டி.எம். லேஅவுட்: தீவில் ஸ்கூட்டர் எடுக்க நம்ம லைசென்ஸ் போதுமா?

போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதில் இருசக்கர வாகனப் பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் ஸ்கூட்டருக்குச் செல்லாது. பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரு வருடம் செல்லும். லைசென்ஸ் முகவரி எந்த ஆர்டிஓவோ அங்கேயே எடுப்பது சிக்கலில்லாத வழி. இங்கே பலர் ஊர் லைசென்ஸ்தான் வைத்திருப்பீர்கள், பொங்கலுக்குப் போகும்போது முடித்துவிடுங்கள்.

போலீஸ் அபராதம் சின்ன விஷயம். அனுமதி இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது, அதுதான் பெரிய அடி. பங்ஙனில் தொங் சாலாவிலிருந்து ஹாட் ரின் போகும் சாலை செங்குத்து ஏற்றமும் வளைவும், மணல் வேறு கிடக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் அங்கே பகிர்வு வண்டியில் போங்கள். வாடகைக்கு அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், ரொக்க முன்பணம் கொடுங்கள். எடுக்கும்போதே கீறல் அனைத்தையும் கடைக்காரர் முன்னால் வீடியோ எடுங்கள்.

லட்சுமி, மல்லேஸ்வரம்: சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளைத் தேடுங்கள். அந்தச் சாப்பாட்டில் முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. "மங்ஸவிரட்" என்றால் முட்டை வரலாம். சாதாரணக் கடையில் கவனிக்க வேண்டியது மீன் சாறு, "நாம் ப்லா". காய்கறிப் பொரியலில்கூட ஊற்றுவார்கள். "மாய் ஸை நாம் ப்லா" என்றால் ஊற்ற வேண்டாம் என்று அர்த்தம். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறாலும், கறி மசாலா விழுதில் இறால் விழுதும் அரைத்தே சேர்ந்திருக்கும், அதைத் தனியே எடுக்க முடியாது.

தினேஷ், இந்திராநகர்: செலவைப் பிரிக்கிறதுல ஒவ்வொரு தடவையும் மனஸ்தாபம் வருது அக்கா.

பொதுப் பணம் ஒன்று வையுங்கள். முதல் நாள் ஆளுக்கு 5,000 பாட் போட்டு, படகு, வேன், பூங்கா கட்டணம், துறைக் கட்டணம் மட்டும் அதிலிருந்து. சாப்பாடும் குடியும் அவரவர் கணக்கு. குடிக்காதவர் தலையில் மதுச் செலவு விழுவதுதான் பாதி மனஸ்தாபத்துக்குக் காரணம். பணத்தை ஒருவர் வைத்திருக்கட்டும், கணக்கை இன்னொருவர் எழுதட்டும். சின்னத் தீவுகளில் ரொக்கம்தான் அதிகம் செல்லும். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் கட்டணம், ஆகவே ஒரே தடவையில் எடுங்கள். "ரூபாயில் மாற்றட்டுமா" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பாட்டிலேயே எடுங்கள்.

விக்னேஷ், ஹெப்பால்: தாவில் டைவிங் கோர்ஸ் முடித்து அன்றே பறக்கலாமா?

ஆபத்து. ஒரே ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை என்றால் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். கோர்ஸ் மூன்று நான்கு நாள் எடுக்கும், அதைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். ஆஸ்துமா, காது, இதயத் தொந்தரவு இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். காப்பீட்டில் ஸ்கூபா சேர்த்தியா என்பதை இங்கேயே பாருங்கள்.

ஃபாத்திமா, ஃப்ரேசர் டவுன்: காகிதங்கள்?

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை, 2025 மே முதல் கட்டாயம், இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. விசா விலக்கு விதி மாறுவதுண்டு, டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டும் முதல் இரவின் விடுதி முகவரியும் அச்சில் இருக்கட்டும். வேப் (மின்சிகரெட்) எடுத்துப் போகவே கூடாது, அங்கே சட்டவிரோதம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 20,000 எம்ஏஎச் வரை தொல்லை இல்லை. பெங்களூரில் சர்வதேச விமானங்கள் டெர்மினல் 2. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மாலை நேரத்தில் கிளம்புகிறவர்கள் சாலைக்கே மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

சுரேஷ், பெல்லந்தூர்: கடல் சரியில்லைன்னு படகுக்காரர் சொல்றார், ஏஜென்ட் போகலாம்ங்கறார். யாரை நம்புறது?

படகுக்காரரை. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே பீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயல் காற்றில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தும் கடலுக்குள் போன படகு அது. தாய்லாந்து வானிலைத் துறையின் அறிவிப்பில் அலை 2 மீட்டரைத் தாண்டினால், அன்று சின்னப் படகு வேண்டாம். பணம் கொடுத்தாயிற்றே என்று கூட்டத்தில் யாரோ வற்புறுத்துவார்கள், கேட்காதீர்கள். ஏறும்போது ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கையில் வந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். குறைந்தால் இறங்கிவிடுங்கள்.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரைக் குறைந்தது அரை நிமிடம் ஊற்றுங்கள். சமூய், பங்ஙன் கரைகள் சிலவற்றில் கம்பத்தில் வினிகர் பாட்டிலே வைத்திருப்பார்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸ், எண் 1669. சுற்றுலாப் போலீஸ் 1155. கூட்டத்தில் எல்லோர் போனிலும் இரண்டு எண்களும் விமானம் ஏறுமுன்பே பதிவாகியிருக்க வேண்டும்.