உடற்பயிற்சி தொடங்கத் தயக்கமா? முதல் மாதத்தைச் சுலபமாக வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: என் வயது 42. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இதற்கு முன் இரண்டு முறை ஜிம்மில் சேர்ந்து, சில நாட்களிலேயே நின்றுவிட்டேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்களோ, ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. கொஞ்சம் எடை குறைந்த பிறகு தொடங்கலாமா?

பதில்: எடை குறையும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தொடங்கலாம். ஆனால் உங்கள் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரக நோய் இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேலை செய்யும்போது நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தலைசுற்றல், மயக்கம், படபடப்பு, கணுக்காலில் வீக்கம், சும்மா இருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மூச்சுத் திணறல் இருந்தாலும் அப்படித்தான். மூச்சு வாங்குவது அண்மையில் திடீரென்று கூடியிருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். இவை எதுவும் இல்லை, மாடி ஏறி நின்றதும் கொஞ்ச நேரத்தில் மூச்சு சமநிலைக்கு வந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் அது பழக்கமில்லாத உடம்பின் இயல்புதான். மெதுவான நடையில் தொடங்குவதற்குத் தடையில்லை.

இரண்டு முறை நின்றுபோனதற்கு உங்கள் மனஉறுதியைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாகச் சேருபவர்கள் பலர் முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்துவிடுகிறார்கள். சேர்ந்த உற்சாகம் ஒரு பக்கம், பக்கத்தில் இருப்பவரின் வேகம் இன்னொரு பக்கம். மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், படி இறங்க முடியாது. இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணியும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருகிறது என்று பலர் சொல்வது சரியல்ல, அந்த அமிலம் பயிற்சி முடிந்த சிறிது நேரத்திலேயே வெளியேறிவிடும். பழகாத தசை, பாரத்தைத் தாங்கியபடி நீளும்போது அதன் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் முக்கியக் காரணம். அதே பயிற்சியை ஒரு வாரம் கழித்துச் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். அதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அதனால் முதல் மாதத்துக்கு ஒரே குறிக்கோள் போதும்: நாளைக்கும் செய்ய வேண்டும் என்று தோன்றுகிற அளவோடு இன்று நிறுத்துவது. எடை, இடுப்பளவு எல்லாம் அப்புறம்.

அளவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், பேசிப் பாருங்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. மருத்துவத்தில் மிதமான உழைப்பு என்பது இதைத்தான். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லையைத் தாண்டும்போது பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சி கசக்கத் தொடங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கசப்பு மனதில் தங்கிவிட்டால் மறுநாள் ஷூவை எடுக்கவே கை வராது. பாடவும் முடிகிற வேகம்தான் இப்போது சரிப்படுகிறது என்றால், முதல் வாரம் அதிலேயே இருங்கள், தப்பில்லை.

பத்து நிமிட நடையில் ஆரம்பியுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் படித்துவிட்டு மலைக்க வேண்டாம். அது போய்ச் சேர வேண்டிய இடம். கொஞ்சம் செய்வதும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்று 2020-இல் வந்த அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அதில் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

இரண்டாவது வாரத்தில், வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நகராத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன் முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ளுங்கள். உடம்பை முன்னே சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மறுநாள் வலி பெரும்பாலும் இந்த இறக்கத்திலிருந்துதான் வரும். எனவே முதலில் ஐந்தாறு தடவை போதும். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முழங்காலில் குத்துவது போல வலித்தால் நிறுத்திவிட்டு, நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

சிரிப்பார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. கூச்சம் தரும் படம் போட்ட சட்டையை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். ஜிம்மிலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கவலைதான். இதைத் தெரிந்துகொண்டதாலேயே கூச்சம் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். அது போகப் போகத்தான் தேயும்.

நேரத்தை மனதில் மட்டும் நினைத்துக்கொள்ளாமல், ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்: “கணினியை அணைத்ததும் ஷூ போடுவேன்.” நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக நிலைக்கச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள்வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை.

நான்கு வாரம் கழிந்து ஜிம்முக்குப் போகத் தோன்றினால், கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போங்கள். முதல் நாளே ட்ரெயினரிடம், “நான் புதிது, மூன்று பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுங்கள், எடை குறைவாகவே வையுங்கள்” என்று கேளுங்கள். இதற்குச் சம்மதிக்காமல் முதல் நாளே உங்களைத் துவண்டுபோக வைப்பவர் என்றால், வேறு ட்ரெயினரைப் பாருங்கள்.